நூற்றியொரு ஓட்டு

2016 மே 19 அன்று திண்டிவனம் தனித் தொகுதியில் தி.மு.க.வின் சீத்தாபதி 101 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். அடுத்து வந்தவர் அ.தி.மு.க.வின் எஸ்.பி. ராஜேந்திரன். இருவரும் ஆளுக்கு அறுபதாயிரத்துக்கு மேல் வாங்கியிருந்தார்கள். இருநூறுக்கு மேல் பூத் உள்ள தொகுதி அது. கணக்குப் போட்டால் பூத்துக்கு அரை ஓட்டுகூட இல்லை. அதே நாளில் பக்கத்து மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயிலில் திருமாவளவன் 87 ஓட்டில் தோற்றார். தெற்கே ராதாபுரத்தில் அப்பாவு 49 ஓட்டில் தோற்றார். ஒரே தேர்தலில் இப்படி மூன்று தொகுதிகள்.

நான் ஒலக்கூர் பக்கத்துப் பள்ளிகளில் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். தேர்தல் வேலை வந்தால் மருத்துவ விடுப்புக்கு வழி தேடுகிறவர்கள் எங்கள் ஆசிரியர் அறையில் உண்டு. நான் விரும்பிப் போனவன். வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகவும், எண்ணும் மேஜையில் மேற்பார்வையாளராகவும் இருந்திருக்கிறேன். விழுப்புரம் மாவட்டத்தில் அதற்கான பயிற்சி வகுப்பும் எடுத்திருக்கிறேன். இந்த வேலையில் எனக்கு ஒரே ஒரு அளவுகோல் உண்டு. ஜெயித்தவர் எந்த எண்ணிக்கையையும் ஒப்புக்கொள்வார். தோற்றவர், அதுவும் 101 ஓட்டில் தோற்றவர், தன் கையிலுள்ள தாளை வைத்தே சரிபார்த்துவிட்டு வீட்டுக்குப் போகும்படி எண்ண வேண்டும். அந்தத் தாள் எண்ணிக்கை நாளில் பிறப்பதில்லை. வாக்குப்பதிவு நாள் மாலையில், பூத்தில் எழுதப்படுகிறது. அதன் பெயர் 17சி படிவம்.

மாலை ஆறு மணிக்கு வரிசையில் நிற்கிற கடைசி ஆள் வரைக்கும் டோக்கன் கொடுத்து, அவர்களும் போட்டு முடித்த பிறகு கண்ட்ரோல் யூனிட்டில் ‘க்ளோஸ்’ பொத்தானை அழுத்துகிறோம். திரையில் மொத்த ஓட்டு வரும். இந்த எண், ஓட்டுப் போட வந்தவர்களைப் பதியும் 17ஏ பதிவேட்டோடு ஒத்துப்போக வேண்டும். பதிவேட்டில் கடைசியாக வந்த வரிசை எண்ணை எடுத்துக்கொள்கிறோம். கையெழுத்துப் போட்ட பிறகு ஓட்டுப் போட விருப்பமில்லை என்று சொல்லிப் போனவர்களை அதிலிருந்து கழிக்க வேண்டும். எச்சரித்த பிறகும் ரகசியமாக ஓட்டுப் போடும் முறையைப் பின்பற்றாததால் அனுமதி மறுக்கப்பட்டவர்களையும் கழிக்க வேண்டும். ஓட்டைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் விவிபேட்டில் தவறான சின்னம் விழுந்தது என்று யாராவது புகார் சொல்லி, அதைச் சோதிக்க ஒரு ஓட்டுப் போடப்பட்டிருந்தால் அதற்குத் தனி வரி இருக்கிறது. இதெல்லாம் சரியாக உட்கார்ந்தால் பதிவேடும் இயந்திரமும் ஒரே எண்ணைச் சொல்லும். பிறகு இயந்திரத்தின் எண், பச்சைக் காகித முத்திரையின் எண், கொடுத்த முத்திரை எத்தனை, திருப்பித் தருவது எத்தனை என்று வரிசையாக எழுதி, அங்கே இருக்கிற ஒவ்வொரு முகவருக்கும் நகல் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்க வேண்டும். விரும்பினால் கொடுக்கலாம் என்கிற சலுகை இதில் கிடையாது. 1961ஆம் ஆண்டின் தேர்தல் நடத்துதல் விதிகள் கொடுத்தே ஆக வேண்டும் என்கின்றன.

இந்த இடத்தில்தான் வேலை கெடும். காலை ஐந்தரைக்கு மாதிரி வாக்குப்பதிவில் ஆரம்பித்த நாள் அது. பகல் முழுக்க மே மாத வெயில். மண்டல அலுவலர் வண்டி வந்துவிட்டது என்று வெளியே ஹாரன் அடிக்கிறார்கள். முகவர்களும் களைத்துவிட்டார்கள்.

“சார், எங்க கையெழுத்து போடணும்னு சொல்லுங்க, போட்டுட்டு கெளம்பறேன். மரக்காணம் கடைசி பஸ் போயிடும்.”

“நகல் எழுதிட்டிருக்கேன் அண்ணே, வாங்கிட்டுப் போங்க.”

“அது எதுக்கு சார், உங்க மேல நம்பிக்கை இருக்கு.”

இந்த வார்த்தையைக் கேட்டு மகிழ்ந்துபோகிற அலுவலர்கள் உண்டு. நான் விடமாட்டேன். என் மேல் நம்பிக்கை வைத்து அவர் போய்விட்டால், எண்ணிக்கை நாளில் அவர் கட்சிக்காரர் கம்பிவலைக்குப் பின்னால் வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பார். இயந்திரத்தின் எண் சரியா, மொத்தம் சரியா என்று ஒப்பிட அவரிடம் எதுவும் இருக்காது. சந்தேகத்தைக் கிளப்பவும் முடியாது, தீர்த்துக்கொள்ளவும் முடியாது. என்னிடம் பயிற்சிக்கு வந்தவர்களிடம் நான் சொல்வது: முகவரை உட்காரவைத்து, மொத்த ஓட்டை எண்ணாலும் எழுத்தாலும் எழுதி, அவரை ஒருமுறை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிடம்தான் ஆகும்.

மாதிரி வாக்குப்பதிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலையில் முகவர்கள் முன்னால் குறைந்தது ஐம்பது ஓட்டுப் போட்டுக் காட்டுகிறோம். பிறகு க்ளோஸ், ரிசல்ட், கிளியர் என்று மூன்று பொத்தான்களையும் இதே வரிசையில் அழுத்தி இயந்திரத்தைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, விவிபேட் சீட்டுகளை எடுத்துக் கறுப்பு உறையில் முத்திரையிட வேண்டும். ‘கிளியர்’ அழுத்த மறந்தால் அந்த ஐம்பதும் உள்ளேயே தங்கிவிடும். லட்சம் ஓட்டு வித்தியாசத்தில் அதை யாரும் கவனிக்கமாட்டார்கள். 101 ஓட்டு வித்தியாசத்தில் ஐம்பது என்பது பாதி. இப்படி மொத்தம் பொருந்தாத இயந்திரத்தை எண்ணிக்கை நாளில் தனியே எடுத்து வைத்துவிடுவார்கள். நான் வேலை பார்த்த காலத்தில், எல்லாம் முடிந்த பிறகு, வெற்றி வித்தியாசம் அந்த இயந்திரங்களில் உள்ள மொத்த ஓட்டைவிடக் கூடுதலாக இருந்தால் அவற்றைத் தொடாமல் விட்டார்கள். சமமாகவோ குறைவாகவோ இருந்தால் அவற்றின் விவிபேட் சீட்டுகளை எண்ண வேண்டியிருந்தது. பதினைந்து மணி நேரம் வேலை பார்த்த ஒரு பூத் அலுவலர் மறந்த ஒரு பொத்தானுக்காக முழுத் தொகுதியும் இரவில் காத்திருக்கும்.

எண்ணும் மண்டபத்துக்கு வருவோம். விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரிக்குள் எண்ணிக்கை நாளில் நுழைந்தால் வகுப்பறையே தெரியாது. மரச்சட்டம், கம்பிவலை, பதினான்கு மேஜை, அவற்றுக்கப்பால் தேர்தல் நடத்தும் அலுவலரின் மேஜை. ஒவ்வொரு மேஜைக்கும் ஒரு மேற்பார்வையாளர், ஓர் உதவியாளர், ஒரு நுண் பார்வையாளர். முதல் சுற்றில் ஒன்று முதல் பதினான்கு வரையிலான பூத்துகள், இரண்டாவதில் அடுத்த பதினான்கு. இந்தக் கணக்குத் தெரிந்தால் எந்த பூத் எப்போது எந்த மேஜைக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். நூறாவது பூத் எட்டாவது சுற்றில் இரண்டாவது மேஜைக்கு வரும். தேர்ந்த முகவர் முந்தின இரவே 17சி நகல்களை இந்த வரிசையில் அடுக்கிக்கொண்டு வருவார். அப்படிப்பட்டவர் எதிரே உட்கார்ந்தால் எனக்கு வேலை செய்யவே ஒரு தெம்பு வரும்.

ரிசல்ட் பொத்தானை அழுத்தியதும் முதலில் வேட்பாளர்கள் எத்தனை பேர் என்று வரும், பிறகு மொத்த ஓட்டு, அதன் பிறகு ஒன்றாம் எண் வேட்பாளர் தொடங்கி வரிசையாக வரும். மேற்பார்வையாளர் திரையை வலைப்பக்கம் திருப்பிக் காட்டி எண்ணை உரக்கச் சொல்ல, உதவியாளர் எழுதுகிறார். மொத்தத்தை 17சியோடு பொருத்திப் பார்த்த பிறகுதான் மற்றது. அவசரப்பட்டு வேட்பாளர் கணக்கை முதலில் எழுதிவிட்டு மொத்தத்தைப் பிறகு பார்க்கலாம் என்று நினைக்கிற மேற்பார்வையாளர் என் மேஜைக்குப் பக்கத்தில் இருந்தால் எனக்கு நிலைகொள்ளாது. அங்கீகாரம் பெற்ற கட்சிகளின் வேட்பாளர்கள் தமிழ் அகரவரிசையில் முதலில் வருவார்கள், பதிவு பெற்ற மற்றக் கட்சிகள் அடுத்து, சுயேச்சைகள் கடைசியில். ஆகவே பெரிய கட்சிகளின் வேட்பாளர்கள் தாளில் பெரும்பாலும் அடுத்தடுத்த வரியில்தான் இருப்பார்கள். ஒரு வரி மேலோ கீழோ எழுதிவிட்டால் ஒருவருடைய முன்னூறு இன்னொருவருக்குப் போகும். இயந்திரம் சரியாகத்தான் சொல்லியிருக்கும்.

இது நடக்கக்கூடியதுதான் என்பதற்கு ஹரியானாவில் பானிப்பட் மாவட்டத்துப் புவானா லாகு ஊராட்சியே சாட்சி. 2022 நவம்பரில் நடந்த தலைவர் தேர்தலில் ஒரு பூத்தில் இரண்டு வேட்பாளர்களின் எண்ணிக்கை இடம் மாறி எழுதப்பட்டது. தோற்றவருக்கு வெற்றி அறிவிக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. இயந்திரங்களை டில்லிக்கு வரவழைத்து, நீதிமன்ற வளாகத்திலேயே பதிவாளர் முன்னிலையில் திரும்ப எண்ணினார்கள். மோகித் குமார் 51 ஓட்டில் ஜெயித்திருந்தது தெரிந்தது. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அவரைத் தலைவராக அறிவிக்கச் சொன்னது. ஓர் ஊராட்சித் தலைவரின் பதவிக்காலத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது.

எங்கள் மாவட்டத்தில் காகித வாக்குச்சீட்டு இன்னும் போகவில்லை. 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில் ஒன்பது மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது விழுப்புரம் மாவட்டத்தின் 13 ஒன்றியங்களிலும் சீட்டுதான். ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள் என்று நிறம் நிறமாக எல்லாம் ஒரே பெட்டிக்குள். 12ஆம் தேதி பெட்டியைக் கவிழ்த்ததும் முதல் வேலை நிறம் பிரிப்பது. இயந்திரத்தில் மட்டும் வேலை பார்த்துப் பழகிய இளம் ஆசிரியர்களுக்கு அன்றைக்குத்தான் எண்ணுதல் என்றால் என்னவென்று தெரிந்தது. ஒவ்வொரு சீட்டும் ஒரு தீர்ப்பைக் கேட்கிறது.

வாக்குச்சீட்டில் குத்துகிற ரப்பர் ஸ்டாம்ப்பை எத்தனை பேர் உற்றுப் பார்த்திருப்பார்களோ தெரியாது. குறுக்காகச் செல்லும் அம்புக்குறிகள் சுழல்வதுபோல் இருக்கும். அது அழகுக்காக வைத்ததில்லை. மை காயுமுன் சீட்டை மடித்தால் எதிர்ப்பக்கத்தில் இன்னொரு வேட்பாளர் பெயருக்கு நேரே அதே தடம் பதிந்துவிடும். வெறும் பெருக்கல் குறியோ வட்டமோ என்றால் எது அசல், எது மடித்ததால் ஒட்டியது என்று சொல்ல முடியாது, இரண்டு பேருக்குப் போட்டதாகச் செல்லாமல் போகும். இந்த முத்திரையின் சுழற்சி மடித்த பக்கத்தில் திசை மாறித் தெரியும். அதைப் பார்த்தே அசலைப் பிரித்துவிடலாம். ஒரு ஓட்டை வீணாக்காமல் காப்பாற்றுவதற்கு எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு அந்த ஸ்டாம்ப்பின் மேல் மரியாதை வருகிறது. ஒரு வார்டில் நாலைந்து ஓட்டில் முடிவு மாறும்போது அந்த மரியாதை இன்னும் கூடும்.

சட்டமும் அதே மனதோடுதான் எழுதப்பட்டிருக்கிறது. சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தலுக்கான 1961 விதிகளில் 56ஆவது விதி எந்தச் சீட்டு செல்லாது என்று சொல்கிறது: குறியே இல்லாதது, ஒருவருக்கு மேல் குத்தியது, போட்டவரை அடையாளம் காட்டுவது என்று பட்டியல் நீளும். சீட்டின் பின்னால் பூத் அலுவலரின் முத்திரையும் கையெழுத்தும் இல்லையென்றால் அதுவும் செல்லாதுதான். ஆனால் அது பூத் அலுவலரின் தவறால் நேர்ந்தது என்று தேர்தல் நடத்தும் அலுவலர் கருதினால், அந்தக் காரணத்துக்காக மட்டும் சீட்டைத் தள்ளக் கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. அதிகாரியின் பிழைக்கு வாக்காளரைத் தண்டிக்காதே என்கிற இந்த வரியை வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போடுவேன். இதன் கனம் தெரிய 2024 ஜனவரியில் நடந்த சண்டிகர் மேயர் தேர்தலைப் பார்க்க வேண்டும். எண்ணுகிற அதிகாரியே எட்டுச் சீட்டுகளில் தன் பேனாவால் குறியிட்டு அவற்றைச் செல்லாததாக்கினார். உச்ச நீதிமன்றம் அந்தச் சீட்டுகளை நேரில் வாங்கிப் பார்த்து அறிவிப்பை ரத்து செய்தது.

இனி தபால் ஓட்டு. எனக்கு நெஞ்சில் உறுத்துகிற விஷயம் இதுதான், ஏனென்றால் இது எங்கள் ஓட்டு. ஊரெல்லாம் ஓட்டுப் போட வைக்கிற ஆசிரியரும் காவலரும் அந்த நாளில் தங்கள் பூத்தில் இருக்க முடியாது. உள்ளே சின்ன உறை, அதில் சீட்டு. வெளியே பெரிய உறை, அதில் சின்ன உறையும் 13ஏ என்கிற உறுதிமொழித் தாளும். உறுதிமொழியில் வாக்காளர் கையெழுத்து, அதற்குச் சான்று. தேர்தல் பணியாளருக்குச் சான்றளிக்கக்கூடியவர் அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர் அல்லது அவர் வேலை பார்க்கும் பூத்தின் தலைமை அலுவலர். எண்ணும்போது பெரிய உறையைத் திறந்து முதலில் இந்தத் தாளைப் பார்ப்பார்கள். கையெழுத்தோ சான்றோ குறையென்றால், வரிசை எண் பொருந்தவில்லையென்றால், சின்ன உறையைத் திறக்கவே மாட்டார்கள். யாருக்குப் போட்டார் என்பது யாருக்கும் தெரியாமலே அந்த ஓட்டு இறந்துவிடும்.

ராதாபுரத்தில் நடந்தது இதுதான். ஜெயித்த இன்பதுரைக்கு 69,590, அப்பாவுக்கு 69,541. வித்தியாசம் 49. சான்றளித்த தலைமை ஆசிரியருக்கு அந்த அதிகாரம் இல்லை என்று சொல்லித் தள்ளப்பட்ட தபால் ஓட்டுகள் 203. அப்பாவு உயர் நீதிமன்றம் போனார். அந்த ஓட்டுகளையும், 19, 20, 21ஆம் சுற்றுகளையும் திரும்ப எண்ணும்படி 2019 அக்டோபர் 1 அன்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 4ஆம் தேதி நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணினார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. எண்ணிய முடிவு வெளியே வராமலே அந்தச் சட்டமன்றத்தின் காலம் முடிந்தது. 2021இல் அதே ராதாபுரத்தில் ஜெயித்த அப்பாவு பேரவைத் தலைவரானார். அது அவருடைய கதை. அந்த 203 பேருடைய கதை என்ன? தலைமை ஆசிரியரின் கையெழுத்துப் போதும் என்று நம்பி ஓட்டுப் போட்டவர்கள் அவர்கள். யாருடைய கையெழுத்துச் செல்லும் என்று அவர்களுக்குத் தெளிவாகச் சொல்லிக்கொடுக்க வேண்டிய கடமை எங்களைப் போலப் பயிற்சி வகுப்பு எடுத்தவர்களுக்கு இருந்தது.

தேர்தல் வழக்கை ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 86ஆவது பிரிவு சொல்கிறது. ராதாபுரம் வழக்கில் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வரவே மூன்று ஆண்டுக்கு மேல் ஆயிற்று. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு புளோரிடாவில் 537 ஓட்டு வித்தியாசத்தில் அதிபர் யார் என்று இழுபறி வந்தபோது ஐந்து வாரத்தில் நீதிமன்றம் முடித்துவைத்தது. அங்கே திரும்ப எண்ணுவதையே நிறுத்தி முடித்தார்கள், அது எனக்கு ஏற்புடையதில்லை. வேகம் மட்டும் நியாயம் ஆகாது. ஆனால் தாமதம் நிச்சயமாக அநியாயம்.

அதனால் நீதிமன்றத்துக்குப் போகுமுன் மண்டபத்திலேயே கிடைக்கிற சில நிமிடங்களை வேட்பாளர்கள் பயன்படுத்தத் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லாச் சுற்றும் முடிந்து, இறுதி முடிவுத் தாளான படிவம் 20ஐ எழுதி, மொத்தத்தை அறிவித்ததும் தேர்தல் நடத்தும் அலுவலர் சற்று நிறுத்த வேண்டும். 63ஆவது விதிப்படி அந்த இடைவெளியில் வேட்பாளரோ முகவரோ எழுத்து மூலம் மறு எண்ணிக்கை கேட்கலாம். காரணம் எழுத வேண்டும். முழுவதுமாகவோ ஒரு பகுதிக்கோ அவர் ஒப்புக்கொள்ளலாம். அற்பமானது, நியாயமற்றது என்று நினைத்தால் மறுக்கலாம், மறுப்பதற்கும் காரணத்தை எழுத வேண்டும். படிவம் 20இல் கையெழுத்து விழுந்துவிட்டால் அதற்குப் பிறகு கேட்க முடியாது, 45 நாளுக்குள் தேர்தல் வழக்குதான்.

இந்த நேரத்தில் மேஜையைத் தட்டிச் சத்தம் போடுகிற கூட்டத்தால் எந்தப் பயனும் இல்லை. “வித்தியாசம் குறைவு, ஆகவே திரும்ப எண்ணுங்கள்” என்று எழுதினால் மறுப்பதற்குச் சுலபம். வித்தியாசம் குறைவு என்பது தனியாக ஒரு காரணம் ஆகாது என்று நீதிமன்றங்களும் பலமுறை சொல்லிவிட்டன. எந்தச் சுற்று, எந்த மேஜை, எந்த பூத், அங்கே 17சியில் என்ன எண், மேஜையில் என்ன எண் சொன்னார்கள் என்று எழுதினால் யாராலும் தள்ள முடியாது. அதை எழுத கையில் நகல் வேண்டும். மரக்காணம் கடைசி பஸ்ஸுக்கு ஓடியவரின் கட்சி அங்கே ஊமையாக நிற்கும்.

டெண்டர் ஓட்டு பற்றியும் இரண்டு வரி. தன் பெயரில் வேறொருவர் முன்பே போட்டுவிட்டார் என்று வருகிறவருக்கு 49பி விதிப்படி சீட்டில் ஓட்டுப் போட உரிமை உண்டு. சினிமா பார்த்து எல்லாருக்கும் இது தெரிந்துவிட்டது. தெரியாத மிச்சம், அந்தச் சீட்டு உறைக்குள் போகும், எண்ணிக்கையில் சேராது. நீதிமன்றம் சொன்னால்தான் வெளியே வரும். 2008இல் ராஜஸ்தானின் நாத்துவாராவில் சி.பி. ஜோஷி ஒரே ஓட்டில் தோற்றபோது, வழக்கு இந்த உறைகளைச் சுற்றித்தான் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது.

சில விஷயங்கள் நல்லதாக மாறியிருக்கின்றன. 2019 முதல் ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதிக்கும் ஐந்து பூத்தில் விவிபேட் சீட்டை எண்ணி இயந்திரத்தோடு ஒப்பிடுகிறார்கள். 2023இல் விதியைத் திருத்தி, தேர்தல் பணியாளர்கள் தபால் சீட்டை வீட்டுக்கு எடுத்துப் போகாமல் வசதி மையத்திலேயே போட ஏற்பாடு செய்தார்கள். சான்றுக்காக அலைய வேண்டியதில்லை. தள்ளப்பட்ட தபால் ஓட்டுகளின் எண்ணிக்கை வெற்றி வித்தியாசத்தைவிட அதிகமாக இருந்தால் அவற்றை மறுபடி பரிசீலித்தே ஆக வேண்டும். தபால் ஓட்டு எண்ணி முடித்த பிறகுதான் இயந்திர எண்ணிக்கையின் கடைசிக்கு முந்தைய சுற்றைத் தொடங்க வேண்டும் என்று 2025 செப்டம்பரில் தேர்தல் ஆணையம் அறிவித்தது. இந்தக் கடைசி ஏற்பாட்டை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். வித்தியாசம் இவ்வளவுதான் என்று தெரிந்த பிறகு ஒரு தபால் உறையைக் கையில் எடுக்கிற அதிகாரிக்கு, அது செல்லுமா செல்லாதா என்று முடிவெடுப்பது பெரும் பாரம். தெரிவதற்கு முன்னால் முடிவெடுத்தால் அவர் மனசாட்சிக்கும் நல்லது, பார்க்கிறவர்களுக்கும் நல்லது.

இன்னும் ஒன்று மட்டும் செய்ய வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். ஒவ்வொரு பூத்தின் 17சியையும் வாக்குப்பதிவு முடிந்த அன்றிரவே, பூத் இருக்கிற பள்ளியின் சுவரில் ஒரு நகல் ஒட்ட வேண்டும், இணையத்திலும் ஏற்ற வேண்டும். முகவருக்குக் கொடுக்கிற அதே தாள்தான். யார் யாருக்குப் போட்டார்கள் என்பது அதில் இல்லை, எத்தனை பேர் போட்டார்கள் என்பதுதான் இருக்கிறது. முகவரை உட்காரவைக்கக் காசோ ஆளோ இல்லாத சுயேச்சைக்கும், ஊரில் கணக்குத் தெரிந்த ஒரு பெரியவருக்கும் அது கிடைக்கட்டும். எழுதுகிற அலுவலருக்குக் கூடுதலாக ஒரு நகல்தான் வேலை, இன்னொரு ஐந்து நிமிடம்.